ஐந்து ஷோரூமுக்கும் தேங்காய்

ஆங்கில அகரவரிசைப்படி விடலாம் என்று சாய்கிருஷ்ணா சொன்னதும், மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் நான்கு பேர் எழுந்து நின்றார்கள். எழாதவர் சிதோளே. அவர் விற்கும் காரின் பெயர் 'ஏ'யில் ஆரம்பித்தது.

"நல்ல யோசனை" என்றார் சிதோளே. "படிச்ச பையன். நியாயமா பேசறான்."

"நாம இருக்கறது லண்டன்லயா, புனேயிலயா?" என்றார் கோட்போலே. "இங்கே மராத்தி அகரவரிசைதான் முறை. அதுல என் கம்பெனி முதல்ல வருது. ஆனா அது தற்செயல்."

"எங்களுடையது மின்சாரக் கார்" என்றாள் மிருணாள் இனாம்தார். "சத்தமே வராது. முதல்ல போனாக்கூட போனது யாருக்கும் தெரியாது. அதனால எங்களை முதல்ல விட்டுட்டா யாருக்கும் வருத்தம் இருக்காது."

கூட்டம் இந்தியில் நடந்துகொண்டிருந்தது. கோபம் மட்டும் மராத்தியில் வந்தது. சாய்கிருஷ்ணாவுக்கு மராத்தி அரைகுறை என்பதால், தன்னை எவ்வளவு திட்டுகிறார்கள் என்பதும் அவனுக்கு அரைகுறையாகத்தான் தெரிந்தது.

விஷயம் இதுதான். ஹடப்சரைத் தாண்டி, போன தலைமுறையில் கரும்பு விளைந்த நிலத்தில், ஜகதாப் என்கிற பில்டர் கண்ணாடியும் அலுமினியமுமாக ஒரு வளாகம் கட்டினார். பெயர் ஜகதாப் ஆட்டோ நகரி. ஐந்து கம்பெனிகளின் கார் ஷோரூம்கள் அங்கே ஒரே வரிசையில் வாடகைக்கு இருந்தன. ஒரு கார் வாங்க வருகிறவன் ஐந்து காரையும் பார்க்கட்டும் என்பது ஜகதாப்பின் தத்துவம். வந்தவர்கள் அதேபோல் ஐந்தையும் பார்த்தார்கள். பார்த்துக் குழம்பி, மாடியில் மிசள் பாவ் சாப்பிட்டுவிட்டு, வந்த பைக்கிலேயே திரும்பிப் போனார்கள்.

இத்தனை பெரிய வளாகத்துக்கு வாசல் ஒன்றுதான். வடகிழக்கைத் தவிர வேறெங்கே வாசல் வைத்தாலும் உருப்படாது என்று வாஸ்து நிபுணர் சொல்லியிருந்தார். சாதாரண நாளில் இதனால் தொல்லை இல்லை. தசராவன்றுதான் தொல்லை. புனேயில் கார் வாங்குகிறவர்கள் தசராவுக்காகக் காத்திருந்து வாங்குகிறார்கள். அன்று அந்த வாசலில் முதலில் வெளியேறும் காருக்கு ஜகதாப்பே மாலை போடுவார். பேப்பரில் போட்டோ வரும். நாள் முழுவதும் நல்ல நேரம்தான் என்றாலும் முதல் கார் ஒன்றுதானே இருக்க முடியும்?

வளாகத்தின் மேனேஜர் சாய்கிருஷ்ணா. கோயமுத்தூர்க்காரன். மனைவி வைஷுவுக்கு ஹடப்சரில் ஐடி வேலை கிடைத்ததால் புனேக்கு வந்து, இந்த வேலையில் சேர்ந்திருந்தான். இன்னும் நிரந்தரமாகவில்லை. "தசராவைச் சண்டையில்லாம நடத்திக் காட்டுங்க. அப்புறம் பார்க்கலாம்" என்று ஜகதாப் சொல்லியிருந்தார். நடத்திக் காட்டாவிட்டால் என்ன ஆகும் என்பது சாய்கிருஷ்ணாவுக்குத் தெரியும். கோயமுத்தூரில் மாமனாருக்கு வெட் கிரைண்டர் கடை இருக்கிறது. கல்லாவுக்கு இடது பக்கம் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மாப்பிள்ளை வந்து உட்காரட்டும் என்று காலியாகவே வைத்திருக்கிறார். அதில் உட்கார்ந்தால் மின்விசிறிக் காற்று வராது. மாமனாரின் அறிவுரை வரும்.

அகரவரிசை தோற்றதால், "சரி, சீட்டுப் போட்டுக் குலுக்கிடலாம்" என்றான்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். சீட்டு எழுதப்பட்டது. மடிக்கப்பட்டது. ஸ்வீட் டப்பா ஒன்றில் போட்டுக் குலுக்கப்பட்டது. பிறகு, முதல் சீட்டை யார் எடுப்பது என்பதில் சண்டை வந்தது.

*

"ஏனுங்க, இதுக்குப் போயா முகத்தைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க?" என்றாள் வைஷு. லேப்டாப்பில் மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. மைக்கை அணைத்துவிட்டுப் பேசினாள். "எங்க பெரியப்பா ஊர்ல திருவிழாவுக்குத் திருவிழா இதே ரகளைதான். முதல் மரியாதை எனக்கு, உனக்குன்னு அஞ்சு வீட்டுக்காரங்க வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு நிப்பாங்க."

"அப்புறம்?"

"ஒரு வருஷம் பூசாரி அஞ்சு பேரையும் வரிசையா நிக்க வெச்சு, ஒரே நேரத்துல அஞ்சு பேர் கையிலயும் தேங்காயைக் குடுத்துட்டார். யாரு முதல், யாரு கடைசின்னே தெரியலை. அதோட சண்டை முடிஞ்சுது."

"முடிஞ்சே போச்சா?"

"அதுக்கப்புறம் பூசாரியை மாத்தணும்னு அஞ்சு பேரும் ஒண்ணா சேர்ந்துட்டாங்க. ஆனா ஒத்துமை வந்துச்சுல்ல?"

சாய்கிருஷ்ணா நிமிர்ந்து உட்கார்ந்தான். தேங்காய்! கைக்கு அடக்கமாக, மங்கலமாக, யாரும் வேண்டாமென்று சொல்ல முடியாத பொருள். ஐந்து மேனேஜர்களுக்கும் ஜகதாப் சாஹேப் முன்னிலையில் ஒரே நொடியில் தேங்காய். அதே நொடியில் ஐந்து ஷோரூமிலிருந்தும் ஐந்து கார் கிளம்பி, வாசலுக்கு இந்தப் பக்கமே ஒரே வரிசையில் நிற்கும். மாலையும் போட்டோவும் அங்கேயே. பொள்ளாச்சியிலிருந்து நல்ல தேங்காயாக வரவழைத்துவிட்டால் இன்னும் கௌரவம்.

இன்னொரு யோசனையும் வந்தது. "எப்பவும் இங்கிலீஷ்லயே நோட்டீஸ் போடறீங்க. மராத்தில ரெண்டு வரி எழுதிப் பாருங்க, ஜனங்க உங்களை எப்படி நடத்தறாங்கன்னு" என்று ஜகதாப் ஒருமுறை சொல்லியிருந்தார். சாய்கிருஷ்ணா தமிழில் யோசித்ததை ஃபோனில் சொன்னான். அது மராத்தியில் எழுதித் தந்தது. அதில் ஒரு சொல் அவனுக்கே தெரிந்திருந்தது: நாரள். தேங்காய். காய்கறிக்காரரிடம் தினமும் கேட்கிற சொல். மற்றதையும் எழுத்துக்கூட்டிப் படித்துப் பார்த்துத் திருப்தியடைந்தான்.

'அனைத்து ஷோரூம் மேலாளர்களின் கவனத்துக்கு. தசராவன்று காலை, ஜகதாப் சாஹேப் முன்னிலையில், எந்தப் பாரபட்சமும் இல்லாமல் ஐந்து ஷோரூம்களுக்கும் ஒரே நேரத்தில் நாரள் கொடுக்கப்படும். முதலில் யார் வெளியே போவது என்ற கேள்விக்கே இனி இடமில்லை. அனைவரும் குடும்பத்துடன் வரவும்.'

வாட்ஸப் குழுவில் அனுப்பினான்.

அந்தக் குழு எப்போதும் சந்தைக்கடை. ரோஜாப்பூ, சூரிய உதயம், சர்க்கரை நோய்க்கு வெந்தயம் என்று எதுவாவது வந்துகொண்டே இருக்கும். அனுப்பிய பிறகு ஒரு ரோஜாப்பூகூட வரவில்லை. எல்லோரும் படித்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் குறி மட்டும் விழுந்தது. கடைசியாக ஒரு வரி வந்தது: 'சிதோளே குழுவிலிருந்து வெளியேறினார்.'

"பாரு வைஷு, மராத்தில எழுதினதும் என்ன ஒரு மரியாதை!" என்றான் சாய்கிருஷ்ணா. "ஒருத்தராவது எதிர்த்துப் பேசணுமே!"

*

மறுநாள் காலை கோட்போலே அவன் அறைக்கு வந்தார். வந்தவர் கதவைச் சாத்தினார். சட்டையை இன் செய்திருந்தார். வழக்கமாகச் செய்ய மாட்டார்.

"உங்க மெசேஜ்ல ஒரு நெடிலைக் குறிலா எழுதியிருக்கீங்க" என்றார்.

"மன்னிச்சுக்குங்க சார்."

"விஷயம் எதுவா இருந்தாலும் எழுத்து சுத்தமா இருக்கணும். அது இருக்கட்டும்." தொண்டையைச் செருமினார். "நாங்க என்ன தப்பு பண்ணினோம்?"

"தப்பா? தப்பு பண்ணினவங்களுக்கு யாராவது நாரள் குடுப்பாங்களா சார்? உங்க உழைப்புக்குத்தான். இந்த வளாகத்துக்கு முதல்ல வந்ததே நீங்கதானே? நியாயமாப் பார்த்தா உங்களுக்கு எப்பவோ குடுத்திருக்கணும்."

கோட்போலே நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"எப்பவோவா?"

"நான் வந்தப்புறம்தான் இது தோணிச்சு."

"என் பொண்ணுக்கு அடுத்த மாசம் கல்யாணம் சாய்."

"ரொம்ப நல்லதாப் போச்சு! கல்யாண வீட்டுக்குப் பொருத்தமா இருக்கும். வேணும்னா சொல்லுங்க சார், வீட்டம்மாவுக்கும் தனியா ஒண்ணு குடுத்துடலாம்."

"அவ ஸ்கூல்ல டீச்சர்!" என்று கோட்போலே பதறினார். "அவளை இதுல இழுக்காதீங்க!"

கைகூப்பிவிட்டுப் போனார். கண் கலங்கியிருந்தது. இவ்வளவு வருஷம் இந்த மனிதரை ஒருவரும் கௌரவித்ததில்லை போலிருக்கிறது என்று சாய்கிருஷ்ணா மனம் இளகினான்.

அடுத்து வந்த மிருணாள் இனாம்தார் கதவைச் சாத்தவில்லை. இன்னும் அகலமாகத் திறந்து வைத்துக்கொண்டு பேசினாள்.

"எங்க ஒப்பந்தம் முடிய இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு."

"ஒப்பந்தத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை மேடம். இது மனசாரச் செய்யறது."

"மனசாரவா! ஜகதாப் சாஹேப் சொல்லித்தானே செய்யறீங்க?"

"அவருக்கு இன்னும் சொல்லவே இல்லை. முழுக்க என் யோசனை. மேடையில அவரைப் பக்கத்துல நிக்க வெச்சுட்டு நானே குடுக்கலாம்னு இருக்கேன்."

மிருணாள் அவனை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் மேலும் கீழும் பார்த்தாள்.

"பார்க்க எவ்வளவு சாதுவா இருக்கீங்க!"

"எங்க ஊர்ல இது சர்வ சாதாரணம் மேடம். கல்யாணத்துக்கு வந்தவங்களைக்கூட நாரள் குடுத்துத்தான் அனுப்புவோம்."

"வந்த விருந்தாளியையா?"

"ஒருத்தரையும் விட மாட்டோம். வாசல்ல பையோட நிப்போம்."

அவள் இரண்டடி பின்னால் நகர்ந்து, பிறகு திரும்பி வேகமாக நடந்தாள். சற்று நேரத்தில் மின்சாரக் கார்கள் ஒவ்வொன்றாகச் சத்தமே இல்லாமல் வளாகத்தை விட்டு வெளியேறின. அவள் சொன்னது உண்மைதான். போனது சாய்கிருஷ்ணாவுக்குத் தெரியவில்லை.

தெரிந்தது சிதோளே ஷோரூம் வாசலில் வந்து நின்ற கிரேன்தான். அதில் தொங்கியபடி இரண்டு பேர் பெயர்ப்பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். 'ஏ' ஏற்கெனவே கீழே இறங்கிவிட்டது.

சாய்கிருஷ்ணா ஓடினான். "சிதோளே சார்! என்ன இது?"

"உன் கையால நாரள் வாங்கிட்டுப் போறதைவிட நானாப் போறது மரியாதை" என்றார் சிதோளே.

சாய்கிருஷ்ணாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவனுக்குப் புரிந்தது இதுதான்: மற்ற நால்வரோடு சேர்த்து, அதே அளவில், அதே நேரத்தில் கொடுப்பதாகச் சொன்னது மனிதருக்கு உறுத்துகிறது. இங்கே பெரிய கார் விற்கிறவர் அவர்தானே.

குரலைத் தாழ்த்தி, "சார், வெளியே சொல்லாதீங்க. உங்களுக்கு மட்டும் பெரிசா ஒண்ணு ஏற்பாடு பண்றேன்" என்றான். "பொள்ளாச்சியிலிருந்து ரயில்ல வருது."

சிதோளே கிரேன்காரர்களைப் பார்த்தார். "கேட்டீங்களா? நமக்குக் குடுக்கற நாரள் ரயில்ல வருதாம்! என் வாழ்க்கையில எத்தனையோ குத்தல் பேச்சு கேட்டிருக்கேன். குத்தல் பேச்சுக்கே பேர் போன சதாசிவ் பேட்டையில பிறந்தவன் நான். ஆனா இந்த மாதிரி சிரிக்காம குத்தற ஆளைப் பார்த்ததில்லை."

"குத்தல் இல்லை சார், குடுமியோட இருக்கும்" என்றான் சாய்கிருஷ்ணா.

பெயர்ப்பலகையின் மற்ற எழுத்துகள் அதற்குப் பிறகு இன்னும் வேகமாக இறங்கின.

*

மீதி மூன்று ஷோரூம்காரர்களும் மூட்டை கட்ட ஆரம்பித்தார்கள். ஐந்து ஷோரூமும் காலியாகிறது என்றால் அந்த இடத்தில் என்னவோ வரப்போகிறது என்றுதானே அர்த்தம்? மதியத்துக்குள் புரோக்கர்கள் வந்துவிட்டார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் கண்ணாடி, கையில் அளவு நாடா. ஒருவர் நீரூற்றை அளந்துகொண்டிருந்தார்.

"என்ன வருது சாஹேப் இங்கே?"

"ஒண்ணும் வரலை" என்றான் சாய்கிருஷ்ணா.

"ஒண்ணுமே வரலையா?"

"ஒண்ணுமே இல்லை."

"அப்போ ரொம்பப் பெரிசு" என்று அவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். "மூச்சு விட மாட்டேங்கறாங்க."

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அது இருபது மாடியாக இருந்தது. டீ நேரத்தில் நாற்பது மாடி. மொட்டை மாடியில் நீச்சல் குளம். சாயங்காலம் வைஷு ஃபோன் செய்தாள்.

"ஏனுங்க, எங்க டீம்ல தேஜஸ்வினி கேக்கறா. முப்பத்தெட்டாவது மாடியில கிழக்கப் பார்த்த ஃப்ளாட் ஒண்ணு உங்க மூலமாக் கிடைக்குமான்னு."

"எதுல?"

"நீங்க கட்டற டவர்லங்க. எனக்கே ஆபீஸ்லதான் தெரியுது. கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாமில்ல?"

"வைஷு, டவரே கிடையாது!"

"என்கிட்டயுமா மறைக்கறீங்க?"

இதை வளரவிடக் கூடாது என்று சாய்கிருஷ்ணா முடிவு செய்தான். மறுபடி ஃபோனை எடுத்து, மராத்தியில் இரண்டாவது அறிவிப்பைத் தயாரித்தான். இம்முறை குறில் நெடிலைக் கவனமாகப் பார்த்தான்.

'வதந்திகளை நம்ப வேண்டாம். இந்த இடத்தில் எது வரும், வராது என்பதைப் பற்றி நாங்கள் எதுவும் சொல்லவில்லை. ஐந்து ஷோரூம்களுக்கும் நாரள் கொடுப்பது மட்டுமே உறுதி. அதில் எந்த மாற்றமும் இல்லை. யாருக்காவது வேண்டுமென்றால் முன்கூட்டியே அலுவலகத்தில் வந்து பெற்றுக்கொள்ளலாம்.'

கோட்போலேவிடமிருந்து மட்டும் பதில் வந்தது: 'இந்த முறை எழுத்துப்பிழை இல்லை. வணக்கம்.' பிறகு அவரும் குழுவிலிருந்து வெளியேறினார். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக வெளியேறினார்கள். முதலில் யார் என்ற சண்டை எதுவும் இல்லாமல், மிக ஒழுங்காக.

*

மறுநாள் புனேயின் கேம்ப் பகுதியில் இருந்த தலைமை அலுவலகத்திலிருந்து ஜகதாப் கூப்பிட்டனுப்பினார். ஆட்டோவில் போகும்போதே சாய்கிருஷ்ணாவுக்கு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி கண்ணில் நின்றது. ஐந்து ஷோரூமும் காலி. தசராவைச் சண்டையில்லாமல் நடத்தச் சொன்னார். தசராவே இல்லாமல் போய்விட்டது.

அறைக்குள் நுழைந்தால் ஜகதாப் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். அவருடைய மூன்று ஃபோன்களும் மேஜைமேல் அடித்துக்கொண்டிருந்தன.

"உட்காருங்க, உட்காருங்க! இந்த யோசனை யாருது? உண்மையைச் சொல்லணும்."

"வீட்டம்மா குடுத்த யோசனை சாஹேப். நான் செஞ்சது ஒரு மெசேஜ்தான்."

"ஒரே ஒரு மெசேஜ்!" ஜகதாப் தொடையில் தட்டிக்கொண்டார். "அந்த அஞ்சு பேரோட தினம் தினம் பஞ்சாயத்து. வாசல் சண்டை, பார்க்கிங் சண்டை, போன மாசம் நீரூற்றுத் தண்ணி யார் பக்கம் தெறிக்கணும்னு சண்டை. எத்தனை தடவை நாரள் குடுத்துடலாம்னு நினைச்சிருக்கேன் தெரியுமா? முகத்துக்கு நேரா சொல்ல மனசு வராது. எல்லாரும் பழகின மனுஷங்க."

"இதுல என்ன சாஹேப் கூச்சம்? சந்தோஷமாக் குடுக்க வேண்டியதுதானே?"

"உங்க துணிச்சல் எனக்கு இல்லை." ஃபோன்களைக் காட்டினார். "கேக்குதா? எல்லாம் டவர்ல இடம் கேக்கறவங்க. கட்டாத டவருக்கு இவ்வளவு கூட்டம்! வாஸ்துக்காரரைக் கேட்டுட்டேன். டவருக்கு ரெண்டு வாசல் வெச்சா தப்பில்லையாம். ஆட்டோ நகரி முடிஞ்சுது சாய். இனிமே ஜகதாப் ஸ்கை நகரி!"

வதந்தி என்று நினைத்தது வரைபடமாகவே வந்துவிட்டது. சாய்கிருஷ்ணா மனதுக்குள் வேகமாகக் கணக்குப் போட்டான். வளாகத்துக்கு ஒரு மேனேஜர் வேண்டுமென்றால் நாற்பது மாடி டவருக்கு வேண்டாமா? ஆனால் அதை எப்படிக் கேட்பது?

"சாஹேப், அப்போ நான்..."

ஜகதாப்பின் முகம் கனிந்தது. நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதைச் சொல்லத்தான் நேர்ல கூப்பிட்டேன். ஆட்டோ நகரியில மிச்சம் இருக்கறது நீங்க ஒருத்தர்தான். நீங்க அவங்க அஞ்சு பேருக்கும் மெசேஜ்ல குடுத்தீங்க. உங்களுக்கு மெசேஜ்ல குடுத்தா எனக்கே அசிங்கம். தசராவன்னிக்கு ஆபீஸுக்கு வாங்க. உங்களுக்கு நாரள் நான் என் கையாலேயே குடுக்கறேன்."

"எனக்கா!"

"வருத்தம் இல்லையே?"

"வருத்தமா? இத்தனை மாசமா நான் காத்துட்டிருந்ததே இதுக்குத்தான் சாஹேப்!" என்றான் சாய்கிருஷ்ணா. "நீங்க வாயைத் திறந்து சொல்ல மாட்டீங்களான்னு ஏங்கிட்டிருந்தேன். குடும்பத்தையும் கூட்டிட்டு வரலாமா?"

"குடும்பத்தையா?"

"வைஷு பார்த்தா ரொம்பச் சந்தோஷப்படுவா. வீடியோவும் எடுத்துக்கறோம். மாமனாருக்கு அனுப்பணும்."

ஜகதாப் அவனையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எத்தனையோ பேரைப் பார்த்திருக்கேன். அழுதிருக்காங்க, கத்தியிருக்காங்க, ஒருத்தன் மேஜையைக் கவிழ்த்தே போட்டான். இப்படி ஒரு மனசை நான் பார்த்ததே இல்லை. நீங்க எங்கே போனாலும் நல்லா இருப்பீங்க."

சாய்கிருஷ்ணா அவர் காலைத் தொட்டு வணங்கிவிட்டு வந்தான்.

*

செய்தி ஆட்டோவிலிருந்தே கோயமுத்தூர் போய்விட்டது.

"மாப்ள, அப்ப வேலை நிலைச்சிருச்சுங்களா?" என்றார் மாமனார், கிரைண்டர் சத்தத்துக்கு மேல்.

"நிலைச்சிருச்சுங்க மாமா. முதலாளி தன் கையாலேயே மரியாதை செய்யறாருங்க."

"அப்ப இந்தச் சேரு இனி உங்களுக்கு வேண்டாமுங்களா? நம்ம வாசுதேவன் டிப்ளமா முடிச்சுப்போட்டுச் சும்மா சுத்தறான். அவனை உக்கார வெச்சுக்கட்டுமா?"

"தாராளமா உக்கார வெச்சுக்குங்க மாமா" என்றான் சாய்கிருஷ்ணா. அந்த வார்த்தையைச் சொல்வதில் இவ்வளவு ருசி இருக்கும் என்று அவன் நினைத்ததில்லை.

தசராவுக்கு முந்தின நாள் சாயங்காலம் வைஷு பட்டுப்புடவையை எடுத்து வைத்தாள். அவன் வேட்டியா, பேண்ட்டா என்று யோசித்து வேட்டி என்று முடிவு செய்தான். பிறகு இருவரும் பேடா டப்பாவோடு மேல் மாடிக்குப் போனார்கள். அங்கே பட்டாபிராமன் என்கிற மாமா இருந்தார். ராணுவக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்து, புனேயிலேயே ஓய்வு பெற்று, புனேயிலேயே தங்கிவிட்டவர். நவராத்திரிக்கு லோஹேகாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தவர், அன்றுதான் மாமி சரசாவோடு திரும்பி வந்திருந்தார்.

"நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் அவசியம் வரணும் மாமா" என்றாள் வைஷு. "இவருக்கு ஆபீஸ்ல மரியாதை பண்றாங்க. முதலாளியே கூப்பிட்டுச் சொன்னாராம்."

"பேஷ், பேஷ்! சரசா, கேட்டியா? நம்ம சாய்க்கு சத்காராம்!" பட்டாபிராமன் ஒரு பேடாவை எடுத்துக்கொண்டார். "என்ன பண்றாளாம், சால்வை போத்தறாளா?"

"சால்வை எல்லாம் இல்லீங் மாமா. நாரள்தான். தன் கையாலேயே குடுக்கறேன்னு சொன்னாருங்க."

பேடா வாய்க்குப் பக்கத்தில் நின்றது.

"ஸ்ரீஃபல்னு சொன்னாரா, நாரள்னு சொன்னாரா?"

"நாரள்னுதான் சொன்னாருங்க. ரெண்டும் தேங்காய்தானுங்களே மாமா? நானும் ஷோரூம்காரங்க அஞ்சு பேருக்கும் அப்படித்தான் எழுதி அனுப்பினேன். 'ஒரே நேரத்தில் நாரள் கொடுக்கப்படும்'னு. அதுலதானே சாஹேப்புக்கு என்னை ரொம்பப் பிடிச்சுப் போச்சு!"

மாமியும் மாமாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமா பேடாவைப் பழையபடி டப்பாவில் வைத்து, டப்பாவை மூடி, வைஷுவின் கையிலேயே கொடுத்தார்.

"ஏண்டா சாய், நம்மூர்ல ஒருத்தனுக்கு அல்வா குடுத்துட்டான்னா அவன் என்ன நெய் வழிய வழிய அல்வாவா தின்னுண்டிருப்பான்? அந்த மாதிரி, மராத்தில நாரள் குடுக்கறதுன்னா சீட்டைக் கிழிச்சு வெளியில அனுப்பறதுடா!"